நொறுங்கும் தாளுக்கு ஒரு தொட்டில்: பழுதடைந்த 26 நூல்களுக்காக வீட்டில் கட்டிய ஸ்கேனர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு குடும்பத்தின் அலமாரியில் நெடுங்காலம் திறக்கப்படாமல் கிடந்த 26 நூல்கள், அவற்றின் பக்கங்களை எப்படியாவது படமாகக் காப்பாற்றித் தரவேண்டும் என்ற வேண்டுகோளுடன் என்னிடம் வந்தன. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் அச்சானவை. எதுவும் 22 சென்டிமீட்டருக்கு மேல் உயரமில்லை. ஒன்பது நூல்களில் முதுகுத் தையல் அறுந்திருந்தது. ஏழு நூல்களைப் பூச்சி அரித்திருந்தது. நான்கு நூல்கள் எப்போதோ நனைந்து காய்ந்தவை. அநேகமாக எல்லாமே பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டால் தூளாக உதிரும் நிலையில் இருந்தன. அவற்றுக்காக நான் கட்டிய ஸ்கேனர், அதில் செய்த தவறுகள், பிறகு செய்த மாற்றங்கள் ஆகியவற்றை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்தத் தாள் ஏன் இப்படி நொறுங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கருவியை வடிவமைக்க முடியாது. கந்தல் துணியிலிருந்து செய்த பழைய தாளில் செல்லுலோஸ் இழைகள் நீளமானவை. ஆகவே என்னிடம் வந்தவற்றைவிட மூத்த நூல்கள் சில இன்றும் துணிபோல் வளைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ்த் தாள் பரவியது. மை ஊறிப் பரவாமலிருக்க அந்தத் தாளில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காலப்போக்கில் அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. நிறத்தைப் பழுப்பாக்குவது கூழில் எஞ்சிய லிக்னின் என்ற மரப்பொருள். இந்த வேதிமாற்றம் நூல் மூடியிருக்கும்போதும் ஓயாமல் நடக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட ஏட்டைப் புரட்டுவது ஒவ்வொரு முறையும் அதன் எஞ்சிய வலிமையிலிருந்து ஒரு பங்கைச் செலவழிப்பதே. நான் செய்த முடிவுகளில் சரியானவை இதை நினைவில் வைத்து எடுத்தவை. தவறானவை இதை மறந்து எடுத்தவை.

கடைகளில் கிடைக்கும் தட்டை ஸ்கேனர் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட்டது. அதில் நூலை 180 டிகிரிக்கு விரித்துக் கவிழ்த்து, நடுமடிப்பு தெரியும்வரை மேலிருந்து அழுத்த வேண்டும். உலர்ந்த பசையும் இற்றுப்போன நூலும் தாங்கும் முதுகு அதைத் தாங்காது. அப்படியே தாங்கினாலும் மடிப்பை ஒட்டிய எழுத்துகள் வளைந்து நிழலில் மறையும்.

மாற்று வழி புதியதன்று. நூலை ஆங்கில 'வி' எழுத்து வடிவத் தொட்டிலில் பாதி திறந்த நிலையில் வைத்து, அதே வடிவக் கண்ணாடியால் பக்கங்களைச் சமப்படுத்தி, இரண்டு கேமராக்களால் இரண்டு பக்கங்களையும் படமெடுக்கும் முறையை, நூல்களைப் படமாக்கி இணையத்தில் வைக்கும் அமைப்பான இணைய ஆவணக்காப்பகம் (Internet Archive) தன் ஸ்கிரைப் இயந்திரங்களில் பயன்படுத்துகிறது. அங்கும் ஏட்டைப் புரட்டுவது மனிதக் கைதான். 2009-ஆம் ஆண்டில் டேனியல் ரீட்ஸ் என்பவர், வீசியெறியப்பட்ட பொருள்களையும் மலிவான இரண்டு கேமராக்களையும் கொண்டு இதே முறையில் ஒரு ஸ்கேனரைக் கட்டி, அதன் செய்முறையை வெளியிட்டார். அதைப் பார்த்துப் பலர் தத்தம் வீடுகளில் கட்டத் தொடங்கினார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். ஆனால் அத்தகைய வடிவங்களின் முதல் நோக்கம் வேகம். அவை நல்ல நிலையில் உள்ள நூலை மனத்தில் வைத்தே உருவானவை. பழுதடைந்த நூலுக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் என் முதல் தவறு.

முதல் வடிவமும் அது உடைத்த பக்கமும்

முதல் வடிவத்தில் தொட்டில் நிலையாக இருந்தது. அக்ரிலிக் தகடுகள் இரண்டை 90 டிகிரியில் இணைத்து, அதைக் கையால் தூக்கி, ஒவ்வொரு முறையும் நூலின்மேல் இறக்கினேன். அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் எடைக் குறைவு. தவறி விழுந்தாலும் உடைந்து சிதறாது என்றும் எண்ணினேன். பரிசோதனைக்கென்று, ஏற்கெனவே வேறு படி கிடைக்கக்கூடிய ஒரு நூலை வைத்துத் தொடங்கியது நல்லதாயிற்று. பதினைந்தாவது பக்கத்தில் தகட்டைத் தூக்கியபோது, பக்கத்தின் மேல்மூலை தகட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டது. அக்ரிலிக்கைத் துடைக்கும்போது ஏறிய நிலைமின்னேற்றம், ஏற்கெனவே விண்டிருந்த துண்டுகளைக் காந்தம்போல் இழுத்திருந்தது. உதிர்ந்த துண்டில் நான்கு எழுத்துகள் இருந்தன. அந்தத் துண்டை உறையிலிட்டு, பக்க எண்ணை எழுதி, அன்றைய வேலையை நிறுத்தினேன்.

தகட்டின் பொருள் மட்டுமே பிழை என்று முதலில் நினைத்தேன். உண்மையில் அசைவின் திசையும் பிழை. கண்ணாடியைத் தூக்கி இறக்கும் முறையில், எடையுள்ள ஒரு பொருள் ஒவ்வொரு முறையும் நூலை நோக்கி வருகிறது. அது எவ்வளவு மெதுவாக வரும் என்பது களைத்த கையைப் பொறுத்திருக்கிறது. அதோடு, நூலின் தடிமனுக்கேற்பக் கண்ணாடி நிற்கும் உயரமும் மாறுவதால் கேமராவின் குவியத்தை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. எனவே இரண்டாம் வடிவத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். 4 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டின் விளிம்புகளை 45 டிகிரியில் சாய்வாக அறுத்து, தேய்த்து, 90 டிகிரியில் ஒட்டிச் சட்டத்தில் நிலையாகப் பொருத்தினேன். நூல் இருக்கும் தொட்டில்தான் இப்போது கீழிருந்து மேலே உயர்ந்து கண்ணாடியைத் தொடுகிறது.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்த இரண்டு சாய்தளங்கள்தாம் தொட்டில். அவற்றுக்கு இடையில் முதுகு இறங்குவதற்கான இடைவெளி 0 முதல் 60 மில்லிமீட்டர் வரை மாறக்கூடியது. சாய்தளங்களின்மேல் மெல்லிய கம்பளித்துணி ஒட்டினேன். மேசை இழுப்பறைகளில் பொருத்தும் குண்டுதாங்கிச் சறுக்குகள் செங்குத்தாக நின்று தொட்டிலுக்கு வழிகாட்டுகின்றன. இன்னொரு இணை, கிடைமட்டமாகத் தொட்டிலுக்கு அடியில் உள்ளது. இந்தக் கிடைமட்ட இணை இல்லாமல் வேலை நடக்காது: நூலின் தொடக்கத்தில் ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருக்கும், புரட்டப் புரட்ட அது மாறும், தொட்டில் பக்கவாட்டில் தானே நகர முடிந்தால்தான் நடுமடிப்பு கண்ணாடியின் கூர்முனைக்கு நேராக வந்து நிற்கும். தொட்டிலையும் நூலையும் சமன்செய்ய, கப்பியின் மறுமுனையில் மணல்பை தொங்குகிறது. ஒவ்வொரு நூலையும் முதலில் எடைபோட்டு, கண்ணாடியில் அது அழுந்தும் விசை 150 கிராமுக்கு மேற்படாதவாறு மணலைக் கூட்டியோ குறைத்தோ அமைத்தேன். ஏட்டைப் புரட்டும்போது தொட்டில் 18 சென்டிமீட்டர் இறங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் ஏடு கண்ணாடியின் முனையில் இடிக்காமல் மறுபக்கம் சாய இவ்வளவு இடம் வேண்டும்.

ஒளி, கேமரா, நடுமடிப்பில் தோன்றிய வெளிர்க்கீற்று

விளக்கு ஒன்றே போதும். அதன் இடம்தான் முக்கியம். நிறங்களை உண்மையாகக் காட்டும் தன்மை நூற்றுக்கு 95-க்கு மேற்பட்ட எல்இடி விளக்கொன்றை நடுமடிப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். செங்குத்தாக இறங்கும் ஒளி, 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டுக் கிடைமட்டமாகத் தெறிக்கிறது. கேமரா, தான் எடுக்கும் பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்பதால் அந்தத் தெறிப்பு அதன் கண்ணில் படுவதில்லை. விளக்குக்கு நேர்மின்னோட்டம் கொடுத்தபின், படங்களில் இடையிடையே தெரிந்த கிடைக்கோட்டுப் பட்டைகளும் மறைந்தன.

கேமரா 24 மெகாபிக்சல் உள்ளது; 50 மில்லிமீட்டர் லென்ஸ். கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் 240-க்கு 160 மில்லிமீட்டர் பரப்பு படத்தில் அடங்கும். நீளவாக்கில் 6000 பிக்சல்கள் என்பதால், இது அங்குலத்துக்கு ஏறத்தாழ 635 பிக்சல். அச்செழுத்தைக் கணினி படித்தறிய 300 போதும். எழுத்தின் விளிம்பு, தாளின் இழை, மையின் கசிவு ஆகியவற்றைப் பின்னாளில் ஒருவர் ஆராய விரும்பினால் அதற்கு இந்தக் கூடுதல் நுணுக்கம் உதவும். கேமரா பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடியின்மேல் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, கேமராவின் திரையைப் பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் படத்தின் நடுப்புள்ளியில் தெரிந்தால் கோணம் சரி. அளவுகோல் கொண்டு அரைமணி நேரம் போராடி அடைய முடியாத துல்லியம் இதில் சில நிமிடங்களில் கிடைத்தது.

இதன் பிறகும் எல்லாப் படங்களிலும் நடுமடிப்பை ஒட்டி விரலகலத்துக்கு ஒரு வெளிர்க்கீற்று விழுந்துகொண்டே இருந்தது. விளக்கை நகர்த்தினேன், மறைப்புகள் வைத்தேன், அது போகவில்லை. கடைசியில் தாளில் கோடுபோட்டுக் கணக்கிட்டபோதுதான் காரணம் தெரிந்தது. கேமரா பக்கத்தின் நடுவுக்கு நேராக, மடிப்பிலிருந்து சுமார் 7 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆகவே மடிப்பை அது நேராகப் பார்க்காமல் ஏழு டிகிரி சாய்வாகப் பார்க்கிறது. அந்தச் சாய்ந்த பார்வை கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தின்மேல் போய் விழுகிறது. அதாவது, இடப்பக்கத்தின் மடிப்போரத்தில் கேமரா கண்டது விளக்கின் பிரதிபலிப்பை அன்று. ஒளியில் நனைந்திருந்த வலப்பக்கத்தின் பிரதிபலிப்பை. நான் வைத்திருந்த தொலைவுகளில் இந்தக் கீற்றின் அகலம் 14 மில்லிமீட்டர் என்று கணக்கு சொன்னது. படத்தில் அளந்தபோதும் ஏறத்தாழ அவ்வளவே இருந்தது.

தீர்வு எளிது: ஒரு பக்கத்தை எடுக்கும்போது எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியைப் பளபளப்பில்லாத கறுப்பு அட்டையால் மூடிவிட வேண்டும். அப்போது என்னிடம் ஒரே கேமரா இருந்ததால், இடப்புறக் கண்ணாடியை நிரந்தரமாக மூடிவிட்டு, வலப்பக்கங்கள் அனைத்தையும் ஒரு சுற்றில் எடுத்தேன். பிறகு நூலைத் தொட்டிலில் தலைமாற்றி வைத்து, இடப்பக்கங்களை இன்னொரு சுற்றில் எடுத்தேன். படங்கள் குறையின்றி வந்தன. ஆனால் மூன்றாவது நூல் முடிந்தபோது தொட்டிலில் சேர்ந்திருந்த தாள்துகள்களைத் தூரிகையால் திரட்டிப் பார்த்தேன். முதல் சுற்றில் உதிர்ந்ததைவிட இரண்டாம் சுற்றில் உதிர்ந்தது அதிகம். ஒவ்வோர் ஏட்டையும் இருமுறை புரட்டினேன் அல்லவா? படத்தின் தூய்மைக்காக நூலின் ஆயுளை நான் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அதே வகைக் கேமராவையும் லென்ஸையும் இன்னொன்று இரவல் வாங்கும்வரை வேலையை நிறுத்திவைத்தேன். கறுப்பு அட்டையைக் கண்ணாடியின் மடிப்புக்கோட்டில் துணிக்கீல் வைத்துப் பொருத்தினேன். அது ஏடு போலவே இடமும் வலமும் புரளும். இப்போது ஒருமுறை தொட்டிலை உயர்த்தினால், அட்டை இடப்புறம் இருக்க வலக்கேமராவும், வலப்புறம் இருக்க இடக்கேமராவும் படமெடுக்கும். ஏடு ஒரே ஒருமுறைதான் புரளும். இரண்டு கேமரா என்றதும் வேகம் இரட்டிக்கும் என்றே பொதுவாக நினைப்பார்கள். என் வேகம் மணிக்கு 80, 90 பக்கங்களைத் தாண்டவில்லை. இரண்டாவது கேமரா இங்கே செய்த வேலை, புரட்டுதலைப் பாதியாகக் குறைத்ததே.

ஒளியளவை இந்த அட்டையை மூடிய நிலையில்தான் அமைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடவேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சிதறொளி நின்றுபோவதால் படம் சற்றே இருளும். லென்ஸின் ஒளித்துளை எண் (f) 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, குவியமும் வெண்சமநிலையும் கைமுறையில் பூட்டப்பட்டவை. கைபடாமல் இயக்கும் தொலைவிசை உண்டு. ஒவ்வொரு நூலின் முதல் படமும் சாம்பல் அட்டையும் அளவுகோலும் வைத்து எடுக்கப்பட்டது. அதையடுத்து ஒரு வெற்று வெள்ளைத்தாளையும் எடுத்துக்கொண்டால், விளக்கு சீராகப் பரவாத குறையைக் கணினியில் கழித்துவிடலாம்.

ஏட்டின் பின்னால் வைக்கும் தாள்

பூச்சி அரித்த நூல்களில் கருவி எவ்வளவு நன்றாக இயங்கினாலும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஒரு துளையின் வழியே அடுத்த ஏட்டின் எழுத்து எட்டிப் பார்க்கும். படத்தில் அது இந்தப் பக்கத்தின் எழுத்தாகவே அமர்ந்துவிடும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது துளை என்றே தெரியாது. ஒரு சொல் வேறொரு சொல்லாகிவிடும். அழிவைவிட இது மோசமானது என்பது என் கருத்து. இழந்த எழுத்து இழந்ததாகவே தெரியவேண்டும். எனவே ஒவ்வோர் ஏட்டின் பின்னாலும் ஒரு தாளைச் செருகினேன்.

அந்தத் தாளின் நிறம் என்ன என்பது நினைத்ததைவிட நுட்பமான கேள்வியாக இருந்தது. மெல்லிய தாளில் மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியும்போது கறுப்புத் தாள் நல்லது. தாளை ஊடுருவிய ஒளி பின்னாலிருந்து திரும்பாததால் மறுபக்க எழுத்து மங்கிவிடும். ஆனால் துளையுள்ள ஏட்டில் கறுப்புத் தாள் வைத்தால் ஒவ்வொரு துளையும் மைப்புள்ளியாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி எது, பூச்சியின் புள்ளி எது என்று பிரிக்க இயலாது. அதனால் துளையுள்ள நூல்களுக்கு, பழுப்புத் தாளிலும் கறுப்பு மையிலும் இல்லாத நிறமான வெளிர்நீலத் தாளைப் பயன்படுத்தினேன். நீலமாகத் தெரிவதெல்லாம் துளை. கணினியும் அதைத் தனியே குறித்துக்கொள்ள முடிகிறது. துளையும் ஊடுருவலும் ஒரே ஏட்டில் இருந்த இடங்களில் மட்டும் இரண்டு தாள்களையும் மாற்றி இருமுறை எடுத்தேன். அப்போதும் ஏட்டைப் புரட்டவில்லை. பின்தாளை மட்டும் மாற்றினேன்.

இந்தப் பின்தாள் இன்னொரு வகையிலும் கைகொடுத்தது. ஏட்டை மூலையில் பிடித்துப் புரட்டும்போது முழு எடையும் அந்த மூலையில் விழுகிறது. நொறுங்கும் தாள் அங்கேதான் உடையும். பின்தாள் சற்று விறைப்பாக இருந்தால், ஏட்டை அதன்மேல் படுக்கவைத்தபடியே மறுபக்கம் கொண்டுபோகலாம். எலும்பாலான தட்டைக் கத்தியால் ஏட்டை மெல்லப் பிரித்து, பின்தாளைச் செருகி, இரண்டையும் சேர்த்துப் புரட்டும் பழக்கம் வந்தபின் உதிர்வு வெகுவாகக் குறைந்தது.

மூன்று நூல்கள் 150 கிராம் அழுத்தத்தையும் தாங்கும் நிலையில் இல்லை. அவற்றுக்குத் தொட்டிலைக் கண்ணாடியைத் தொடாத உயரத்தில் நிறுத்தினேன். பக்கம் தன் இயல்பான வளைவிலேயே இருந்தது. ஒளித்துளை எண் 8-இல், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கூர்மைக்கு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் வரையான மேடுபள்ளத்தை லென்ஸ் தாங்கும் என்று கணக்கிட்டேன். 11-க்கு மாற்றினால் இன்னும் சற்றுக் கூடும். வரிகள் வளைந்திருப்பது படத்தின் அழகைக் குறைக்கும். ஆனால் எல்லாச் சொற்களும் படிக்கும்படி இருக்கின்றன.

படங்கள் எடுத்தபின்

கேமரா தந்த, எந்தத் திருத்தமும் செய்யாத ரா கோப்புகளே மூலப்படிகள். 300 பக்க நூலுக்கு 8 ஜிகாபைட் அளவில் இடம் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவில்லை. கோப்பின் பெயரில் அச்சிட்ட பக்க எண்ணை வைக்காமல் தொடர் எண்ணையே வைத்தேன். பழைய நூல்களில் பக்க எண் தவறாக அச்சாகியிருக்கும். சில ஏடுகளே இருக்காது. காணாத ஏட்டுக்கு வெற்றுச் சாம்பல் அட்டையின் படம் ஒன்றை அதன் இடத்தில் வைத்து, குறிப்பேட்டில் எழுதினேன். ஒவ்வொரு கோப்புக்கும், அது பின்னாளில் மாறிவிட்டதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டு, மூன்று படிகளை வெவ்வேறு வட்டுகளில் வைத்தேன். அவற்றுள் ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கிறது.

படிப்பதற்கான படிகளை ஸ்கேன் டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருளில் தயாரித்தேன். நீர்க்கறையும் பழுப்புப் புள்ளிகளும் உள்ள பக்கங்களில் சிவப்பு ஒளித்தடத்தை மட்டும் பிரித்தெடுத்தால் கறை பெரும்பாலும் மறைந்து கறுப்பு மை தெளிவாக நிற்கும். பழுப்பு நிறம் சிவப்பொளியை ஏறத்தாழத் தாளைப் போலவே திருப்பி அனுப்புவதுதான் காரணம். ஆனால் ஓரங்களில் யாரோ பழுப்பு மையில் எழுதிய குறிப்புகளும் அதே காரணத்தால் மறைந்துவிடும் என்பதால், அத்தகைய பக்கங்களை வண்ணத்திலேயே விட்டேன். முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றிய படிகளை எந்த நூலுக்கும் காப்புப்படியாக வைக்கவில்லை.

படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும் எழுத்துணரியாக டெசராக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, னை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அது தடுமாறியது. கிடைத்த உரையைத் தேடலுக்கு மட்டுமே வைத்துக்கொண்டேன், மூலத்துக்கு ஈடாக யாருக்கும் தரவில்லை.

26 நூல்களில் 24 முழுமையாகப் படமாகிவிட்டன. உதிர்ந்த துண்டுகள் அனைத்தும் பக்க எண்ணுடன் உறைகளில் அந்தந்த நூலோடு இருக்கின்றன. எழுத்துள்ள துண்டுகளைத் தனியே படமெடுத்து, உரிய பக்கத்தின் படத்துக்கு அடுத்து வைத்திருக்கிறேன். எஞ்சிய இரண்டும் நனைந்து காய்ந்த நூல்கள். அவற்றில் பளபளப்பான பூச்சுத்தாளில் அச்சான படப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பூச்சு ஈரத்தில் இளகி, காய்ந்தபோது பசையாகவே இறுகிவிடுகிறது. வலிந்து பிரித்தால் ஒரு பக்கத்தின் மை மறுபக்கத்தோடு உரிந்து வரும். என் கருவியில் இதற்கு வழியில்லை. அவற்றைத் திறந்த இடம்வரை மட்டும் படமெடுத்து, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வைத்து, தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் பார்க்கும்வரை யாரும் பிரிக்க வேண்டாம் என்ற குறிப்புடன் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.